சொல்லத்தக்கது வளாகத்துக்குள் இருக்கிறது

உயர்கல்வி நிறுவனங்களின் விளம்பரக் குழுக்கள் தங்கள் படைப்பூக்கத்தை எப்படிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். வணிகத்தோடு முடிந்துவிடும் சிறிய பிரச்சினையாக இதை நான் கருதவில்லை. பதினேழு வயதில் ஒரு மாணவர் எடுக்கும் முடிவும், அந்த முடிவுக்காக ஒரு குடும்பம் வாங்கும் கடனும் ஓரளவுக்காவது உங்கள் விளம்பரத்தை நம்பி நிற்கின்றன. ஆகவே அந்த விளம்பரம் உயிரோடு இருக்கிறதா, உண்மையாக இருக்கிறதா என்று கேட்பது கல்வியைப் பற்றிக் கேட்பதுதான்.

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்து நாளிதழ் ஒன்றை விரித்துப் பாருங்கள். முழுப் பக்க விளம்பரங்கள் வரிசையாக வரும். மேலே நிறுவனரின் படம். அதன் கீழே கண்ணாடி முகப்புக் கட்டடம். ஓரத்தில் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து துள்ளிக் குதிக்கும் நான்கு பேர். நடுவில் கொட்டை எழுத்தில் '100% பிளேஸ்மென்ட்'. அடியில் இருபது முப்பது கம்பெனிகளின் சின்னங்கள், ஒரு மூலையில் நாக் தரச்சான்று முத்திரை, இன்னொரு மூலையில் கவுன்சலிங் கோட். கல்லூரியின் பெயரையும் அந்தக் கோடையும் மறைத்துவிட்டால், எது எந்தக் கல்லூரியின் விளம்பரம் என்று அங்கே படிப்பவரே சொல்லத் திணறுவார். பேருந்தின் முதுகிலும் ஃப்ளெக்ஸ் பலகையிலும் இதே படம்தான். கைபேசியில் வரும் ரீல்ஸிலும் இதே காட்சிதான் இசையோடு ஓடுகிறது. நானூற்றுச் சொச்சம் பொறியியல் கல்லூரிகள் ஒரே கலந்தாய்வில் மாணவர்களுக்காகக் காத்திருக்கும் மாநிலத்தில், ஒவ்வொரு கல்லூரியும் தன்னைத் தனித்துக் காட்டச் செலவழிக்கும் பணம் எல்லாக் கல்லூரிகளையும் ஒன்றுபோலக் காட்டுவதில் போய் முடிகிறது.

இதற்குக் காரணம் திறமைக் குறைவா? நிச்சயமாக இல்லை. தமிழ்நாட்டில் வடிவமைப்பாளர்களுக்கும் வாசகம் எழுதுவோருக்கும் படத்தொகுப்பாளர்களுக்கும் பஞ்சமே கிடையாது. இந்தக் குழுக்களில் இருக்கும் இளைஞர்கள் பலர் தங்கள் சொந்த நேரத்தில் எடுக்கும் குறும்படங்களில் நல்ல கற்பனை இருக்கிறது. அதே கைகள் கல்லூரிக்கென்று ஒன்றைச் செய்ய உட்காரும்போது மட்டும் வறண்டுபோகின்றன என்றால், கோளாறு கைகளில் இல்லை. என் வாதம் இதுதான்: விளம்பரக் குழுவுக்கும் கல்லூரியின் உண்மையான வேலைக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்கிறது. வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் விடுதியிலும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிர்வாகக் கட்டடத்தின் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் போன ஆண்டு விளம்பரமும் பக்கத்துக் கல்லூரி விளம்பரமும்தான் மூலப்பொருள். அந்தத் தொடர்பை மீட்டுக்கொடுத்தால் படைப்பூக்கம் தானே திரும்பி வரும்.

பொதுவாக இந்த வறட்சிக்கு வேறு மருந்துகள் பரிந்துரைக்கப்படுகின்றன. முதலாவது, எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி யோசனைகளை அள்ளி வீசச் சொல்லும் கூட்டம். அமெரிக்க விளம்பரத் துறையில் அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பிய முறை இது. 1953இல் அவர் எழுதிய நூல் வழியாக உலகெங்கும் போனது. ஐந்தே ஆண்டுகளில், 1958இல், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்த குழுக்களைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட இரு மடங்கு கிடைத்தது. காரணத்தை 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் நெருங்கிப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை மறந்துபோகிறது, புதிதாக யோசிப்பதும் நின்றுவிடுகிறது. கூட்டமே கூடாது என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. ஆனால் கையில் சரக்கில்லாதவர்களைக் கூட்டி வைத்தால் சரக்கு பிறந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

இரண்டாவது மருந்து, தோற்றத்தை மாற்றுவது: புதிய சின்னம், புதிய நிறம், புதிய விளம்பர ஏஜென்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2012இல் நவீனமான புதிய சின்னம் ஒன்றைக் கொண்டுவந்தது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பு மனுவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டது. அந்தச் சின்னத்தை வரைந்தவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பல்கலைக்கழகம் அங்கே படித்தவர்களுக்கும் சொந்தம்; அவர்கள் மனத்தில் அது என்னவாக இருக்கிறது என்பதோடு ஒட்டாத வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. இந்த அனுபவம் அதைத்தான் காட்டியது.

சரி, தொடர்பு இருந்தால் ஊக்கம் வரும் என்பதற்கு என்ன சான்று? 2007இல் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு நம் துறைக்கு மிக அருகில் இருக்கிறது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. நாள் முழுக்க ஒரே வாசகத்தைச் சொல்லி, பெரும்பாலும் மறுப்பையே கேட்டுச் சோர்ந்துபோகும் வேலை. திரட்டிய பணத்தில் ஒரு பகுதி மாணவர் உதவித்தொகைக்குப் போனது. ஆய்வாளர்கள் அந்த ஊழியர்களில் ஒரு பிரிவினரை உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் நேரில் பேசவைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே மாணவர் எழுதிய கடிதத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. கடிதம் படித்தவர்களிடம் அப்படியொரு மாற்றம் தென்படவில்லை.

இந்த ஆய்வு சிறியது. அது அளந்தது விடாமுயற்சியை, கற்பனையை அளக்கவில்லை. இந்த ஆட்சேபணை நியாயமானது. ஆனால் அதே கிராண்ட், ஜேம்ஸ் பெரி என்பவரோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வுகள் நேரடியாகக் கற்பனையைத் தொட்டன. வேலையில் உள்ளார்ந்த ஈடுபாடு இருந்தால் மட்டும் போதாது. அந்த ஈடுபாட்டோடு, பயன்பெறுவோரின் இடத்தில் நின்று பார்க்கும் பழக்கமும் சேரும்போதுதான் புதுமையும் பயனும் கூடிய யோசனைகள் அதிகமாகப் பிறக்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு வழி தெரிகிறது. மாணவரைப் பற்றிய அறிக்கை மேஜைக்கு வந்து சேர்வது போதாது. மாணவரைப் பார்க்க வேண்டும், அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். நம் கல்லூரிகளில் விளம்பரக் குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் துறைத் தலைவர் அனுப்பும் நான்கு வரிக் குறிப்பும், விருது வாங்கும்போது எடுத்த புகைப்படமும்தான். அந்த ஆய்வில் கடிதம் மட்டும் படித்தவர்களின் இடத்தில்தான் அவர்களை உட்காரவைத்திருக்கிறோம்.

வளாகத்துக்குள் என்ன கிடைக்கும் என்பதற்கு நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், குப்பையில் போகும் பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். 2002இல் அந்த முறையில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இதில் விருதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது இன்னொரு முத்திரையாகப் போய்விடும். செய்முறையை எடுத்துப் பாருங்கள். ஜல்லியை நன்றாகச் சூடாக்கி, அதன் மேல் துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு தாரைக் கலக்கிறார்கள். பூச்சு ஏறிய கல்லைத் தார் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவது குறைகிறது. பிளஸ் டூ வேதியியல் படித்த ஒரு மாணவருக்கு இது புரியும். 'நான் படித்த பாடத்தை வைத்து இப்படியும் செய்யலாமா' என்ற வியப்பு அவருக்கு வரும். அந்த வியப்பை விலை கொடுத்து வாங்கக்கூடிய ஏஜென்சி எதுவும் இல்லை. ஆய்வகத்துக்குள் போய் நின்று, கல்லையும் பூச்சையும் கண்ணால் பார்த்து, 'இது ஏன் இப்படி ஆகிறது' என்று கேட்ட ஒருவரால்தான் அதை எழுத முடியும்.

எல்லாக் கல்லூரியிலும் பத்மஸ்ரீ பெற்ற பேராசிரியர் இருக்கிறாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் சேர்க்கைப் பிரிவு இருக்கிறது, அங்கே ஒரு தொலைபேசி இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை அந்தத் தொலைபேசியில் பெற்றோர் கேட்பவற்றை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதைவிடச் சிறந்த மூலப்பொருள் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் காலேஜ் பஸ் வருமா? ஃபீஸை மூன்று தவணையாகக் கட்டலாமா? முதல் பட்டதாரி சலுகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும்? தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரைத் தாங்குமா? டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் கணக்குப் பாடத்தில் பின்தங்குமா? இடையில் விலகினால் கட்டிய பணம் திரும்ப வருமா, சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்வியைப் பொறுத்தவரை, கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது பற்றியும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு விளம்பரம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடக் காணொலி. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், முதல் செமஸ்டரை எப்படிக் கடந்தேன் என்று தன் பேச்சுமொழியிலேயே சொன்னால், அதைக் கேட்கும் வீட்டில் பயம் பாதி குறையும். இதற்குப் பெரிய கல்லூரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறிய கல்லூரிக்கே இது இன்னும் எளிது. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இப்போது மிக வலுவான ஆட்சேபணைக்கு வருகிறேன். 'பெற்றோர் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆய்வகக் கதையும் மாணவியின் கதையும் சீட்டை நிரப்பாது. பிளேஸ்மென்ட் எண்தான் நிரப்பும்' என்பார்கள். வேலையைப் பற்றிக் கேட்கும் பெற்றோரைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை கிடையாது. நகையை அடகு வைத்துப் படிக்க வைப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நான் சொல்வது, அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதைத்தான். 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. முதலாம் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நேரடி இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், குறித்த காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக வரும். ஒரு குடும்பத்துக்குத் தெரிய வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரே வரியில் இருக்கிறது. விளம்பரத்தில் வருவதோ ஒருவருக்குக் கிடைத்த அதிகபட்ச பேக்கேஜ். வேலை கிடைத்த நூறு பேரைச் சம்பளத்தின் ஏறுவரிசையில் நிறுத்தினால், கடைசியில் நிற்கும் ஒருவரின் சம்பளம் மற்ற 99 பேரைப் பற்றி எதுவும் சொல்லாது. நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் ஒரு சாதாரண மாணவர் எதிர்பார்க்கக்கூடியது. இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பு படித்த தந்தைக்குப் புரியும்படி ஒரே படத்தில் விளக்குவது எவ்வளவு பெரிய படைப்புச் சவால் என்று யோசித்துப் பாருங்கள். அதைச் செய்கிற முதல் கல்லூரியை மக்கள் மறக்கமாட்டார்கள்.

அடுத்த ஆட்சேபணை இதைத் தொட்டே வரும். 'நாங்கள் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தால், ஊதிப் பெருக்கிச் சொல்லும் பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும்.' ஒரு சேர்க்கைப் பருவத்தில் அப்படி நடக்கக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லோரும் நூறு சதவீதம் என்று சொல்லும் சந்தையில் அந்தச் சொல்லுக்குத் தகவல் மதிப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. அதோடு, மிகைப்படுத்தலுக்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் போன்ற கம்பெனிகளோடு சேர்ந்து தன் மாணவர்களுக்கு வேலைவாய்ப்பை உருவாக்குவதுபோன்ற தோற்றம் தரும் விளம்பரங்களை வெளியிட்டது. அது உண்மைக்குப் புறம்பானது என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியதை அடுத்து, 2019 டிசம்பரில் 19 கோடியே 10 லட்சம் டாலர் மதிப்புள்ள சமரசத் தீர்வுக்கு அந்தப் பல்கலைக்கழகம் உடன்பட்டது. அதில் 14 கோடியே 10 லட்சம் டாலர், மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டியிருந்த பாக்கியைத் தள்ளுபடி செய்ததாகும். பிரிட்டனில் 2017 நவம்பரில் விளம்பரத் தர ஆணையம் ஒரே நாளில் ஆறு பல்கலைக்கழகங்களின் 'முதலிடம்', 'உயர்நிலை' போன்ற உரிமைகோரல்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் விளம்பரங்களின் அடியில் ஓடும் கம்பெனிச் சின்னங்களின் வரிசையை இந்த வழக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்தியாவிலும் விதிகள் இல்லாமல் இல்லை. 1985இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் குழுமம் கல்வி நிறுவனங்களுக்கென்று தனி நெறிமுறைகளை வைத்திருக்கிறது. வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால், அந்த வகுப்பில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்களின் மொத்த எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். காட்டும் கட்டடமும் வசதியும் விளம்பரம் வெளியாகும் நாளில் உண்மையிலேயே இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய ஆணையம் பல பயிற்சி மையங்களுக்கு அபராதம் விதித்ததோடு, 2024 நவம்பரில் அவற்றுக்கெனத் தனி நெறிமுறைகளையும் வெளியிட்டது. படைப்பாளிகள் சிலர் இந்த விதிகளைக் கைவிலங்காகப் பார்க்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. 'மொத்தம் இத்தனை பேர், வேலை இத்தனை பேருக்கு' என்று எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால், மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று எழுதுகிறவர் தேடிப் போகத்தான் வேண்டும். ஒருவர் மேற்படிப்புக்குப் போயிருப்பார், ஒருவர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருப்பார், ஒருவர் அப்பாவின் லேத் பட்டறையை எடுத்து நடத்திக்கொண்டிருப்பார். மறைக்க வேண்டியவர்களாக நாம் நினைத்த அவர்களிடம்தான் இதுவரை யாரும் சொல்லாத கதைகள் இருக்கின்றன.

கதை என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. மாணவரின் வாழ்க்கையைத் தேடிப் போகச் சொன்னால், அவருடைய வறுமையைப் படம்பிடிக்கும் ஆபத்து உடனே வந்துவிடுகிறது. ஓட்டு வீடும், களைத்த தாயின் முகமும், பின்னணியில் சோக இசையும் சேர்த்து, கடைசியில் கல்லூரியைக் கொடைவள்ளலாகக் காட்டுவது மாணவரின் மானத்தை விற்பதாகும். மாணவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியிடும் முன் அவருக்குக் காட்ட வேண்டும். பின்னாளில் அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். வேறொரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்க்கைப் பிரிவு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களையே ஊதியம் கொடுத்து எழுதவைக்கிறது. பாடச்சுமை, சோர்வு, தோல்வி எல்லாவற்றையும் அவர்கள் எழுதுகிறார்கள், நிர்வாகம் கைவைப்பதில்லை. அதனால் அந்தக் கல்வி நிறுவனத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எழுதுபவரை நம்பும் இடம் தன்னையும் நம்பும் என்று படிப்பவர் புரிந்துகொள்கிறார்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பது குழுக்கள் எழுப்பும் கேள்வி. ரிசல்ட் வந்த நாள் முதல் கலந்தாய்வு முடியும்வரை தூக்கமே இல்லாத வேலை என்பது உண்மை. ஹார்வர்டைச் சேர்ந்த தெரசா அமபிலே தலைமையிலான குழு, ஏழு அமெரிக்க நிறுவனங்களில் 177 ஊழியர்கள் எழுதிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவைச் சொன்னது. நேர நெருக்கடி கடுமையாக இருந்த நாள்களில் படைப்புச் சிந்தனை குறைந்தது. ஆனால் தாங்கள் ஒரு முக்கியமான நோக்கத்துக்காக உழைக்கிறோம் என்ற உணர்வும், கவனம் சிதறாத சூழலும் இருந்தபோது மட்டும் நெருக்கடியிலும் கற்பனை பிழைத்தது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. சேகரிக்கும் வேலையை நெருக்கடிப் பருவத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். விளம்பர ஆண்டை மே மாதத்தில் தொடங்காமல், புதிய மாணவர்கள் வகுப்புக்கு வரும் நாளில் தொடங்குங்கள். குழுவில் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு வகுப்பிலோ லேபிலோ பட்டறையிலோ கேமராவும் கைபேசியும் இல்லாமல் உட்காரட்டும். கண்டதைத் தனியாக எழுதிவிட்டு, பிறகு கூட்டத்துக்கு வரட்டும். மாதம் ஒரு முன்னாள் மாணவரிடம், பட்டம் பெற்று ஐந்தாண்டு கடந்தவரிடம், இங்கே கற்றதில் எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்கட்டும். இப்படிச் சேர்த்தால் அடுத்த மே மாதத்தில் குழுவின் முன் நிற்கும் பிரச்சினை எதை விடுவது என்பதாகத்தான் இருக்கும்.

இன்று இன்னொரு குறுக்குவழியும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் ஐம்பது வாசகங்களை எழுதித் தருகிறது. பிறகு வகுப்பில் போய் உட்கார வேண்டிய தேவை என்ன என்று கேட்பது இயல்பு. அந்தக் கருவிகளின் பயனை நான் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்புக்கும் அளவு மாற்றுவதற்கும் படத்தைச் சீர்செய்வதற்கும் அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் ஒரு கல்லூரியின் மோட்டார் லேபில் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மாணவி எதைக் கண்டு வியந்தாள் என்று அந்தக் கருவிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் ஏற்கெனவே வெளியான ஆயிரம் விளம்பரங்களின் சராசரியைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். வாசகம் மலிந்துபோன காலத்தில், வாசகத்துக்கு முந்தைய வேலைக்கு, அதாவது பார்ப்பதற்கும் கேட்பதற்கும், மதிப்பு ஏறியிருக்கிறது.

இவ்வளவும் குழுக்களின் கையில் மட்டும் இல்லை என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். நிறுவனர் படத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நான்கு முறை திருத்தம் கேட்கும் இடத்தில் எந்தக் கற்பனையும் தழைக்காது. குழுவுக்கு மூன்று உரிமைகளைக் கொடுங்கள். எந்த வகுப்புக்கும் ஆசிரியரின் இசைவோடு போய் உட்காரும் உரிமை, என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு அனுப்பும் அதே எண்களைப் பார்க்கும் உரிமை, உண்மையல்லாத ஒன்றை எழுத மாட்டேன் என்று சொல்லும் உரிமை. மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது. தான் எழுதுவதைத் தானே நம்பாத ஒருவரிடமிருந்து நல்ல வரி வராது. அப்படிச் சில ஆண்டுகள் எழுதியவர் சோர்ந்து போவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விளம்பரப் பிரிவினர் வந்தால் அவர்களை வெளியாள்களாக நினைக்காதீர்கள். நீங்கள் இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் பாடத்தில் எந்த இடத்தில் மாணவர்களின் முகம் மாறுகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 சதவீதம். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வை நீக்கியதிலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற உதவித்தொகைத் திட்டங்களிலும் இந்த மாநிலம் திரும்பத் திரும்பக் காட்டிய அக்கறை, கல்லூரி வாசலை இதுவரை மிதிக்காத வீடுகளிலிருந்து பிள்ளைகளை அங்கே கொண்டுவருவதுதான். அந்த வீடுகளில் வழிகாட்ட அண்ணனோ அக்காவோ படித்திருக்கவில்லை. அங்கே உங்கள் விளம்பரம்தான் முதல் வழிகாட்டி. அதனால்தான் இந்த வேலையைச் செய்கிறவர்களைக் கல்விப் பணியின் ஒரு பகுதியாகவே நான் மதிக்கிறேன். ஊக்கத்தை வேறெங்கும் தேட வேண்டாம். உங்கள் கல்லூரியை நம்பி வரப்போகும் அந்த மாணவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும், நம்மிடம் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டுப் பதில் தேடும் குழுவுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் போகாது. அந்தத் தேடலை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.